யார் வலியை யார் செலவழிப்பது?

அமெரிக்க அரசாங்கம் 43 நாள் கடையைச் சாத்தி வைத்திருந்ததே, கவனித்தீர்களா? 2025 அக்டோபர் 1-ம் தேதி மூடியது. நவம்பர் 12-ம் தேதி ராத்திரி அதிபர் ட்ரம்ப் கையெழுத்துப் போட்ட பிறகுதான் திறந்தது. அந்த நாட்டுச் சரித்திரத்தில் அதுவரை நடந்ததிலேயே நீளமான கதவடைப்பு அது. (பழைய ரெக்கார்டு 35 நாள். மெக்ஸிகோ எல்லைச் சுவருக்காக 2018-19ல் நடந்தது.)

'அரசாங்கத்தைப் போய் மூட முடியுமா?' என்று உங்களுக்குத் தோன்றும். நம்ம ஊரில் பட்ஜெட் லோக்சபாவில் தோற்றால் மந்திரிசபை வீட்டுக்குப் போகும். தாலுகா ஆபீஸ் வழக்கம்போலத் திறக்கும். அங்கே தலைகீழ். அதிபர் நாற்காலி ஆடாது, ஆபீஸ்தான் மூடும். நாடாளுமன்றம் ஒதுக்காத பணத்தைச் செலவழிக்கக் கூடாது என்று 19-ம் நூற்றாண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. ரொம்ப காலம் அதை யாரும் இவ்வளவு கறாராக எடுத்துக்கொள்ளவில்லை. 1980-ல் அட்டர்னி ஜெனரல் பெஞ்சமின் சிவிலெட்டி, 'பணம் ஒதுக்காவிட்டால் வேலையை நிறுத்த வேண்டியதுதான்' என்று விளக்கம் எழுதினார். அரசியல்வாதிகள் கையில் ஒரு பூட்டு கிடைத்துவிட்டது!

2025-ல் பூட்டு எதற்கு? மெடிக்கல் இன்ஷூரன்ஸ் மானியத்துக்கு. வேலை பார்க்கும் கம்பெனி மூலமாக இன்ஷூரன்ஸ் கிடைக்காதவர்கள் (சின்னக் கடைக்காரர்கள், சொந்தத் தொழில் செய்கிறவர்கள்) பாலிசி வாங்க, ஒபாமாவின் 2010 சட்டம் ஒரு சந்தையை உண்டாக்கியது. கோவிட் காலத்தில், 2021-ல், அதற்கான மானியத்தைக் கூட்டினார்கள். அந்தக் கூடுதல் 2025 டிசம்பரோடு முடிய வேண்டும். பயன் பெற்றவர்கள் இரண்டு கோடிக்கும் மேல். அது போனால் அவர்கள் கையிலிருந்து கட்டும் பிரீமியம் வருஷத்துக்குச் சராசரியாக 888 டாலரிலிருந்து 1,904 டாலராக எகிறும் என்று கே.எஃப்.எஃப். என்ற ஆய்வு அமைப்பு கணக்குப் போட்டுச் சொன்னது.

செனட்டில் செலவு மசோதா நிறைவேற 60 ஓட்டு வேண்டும். ஆளும் குடியரசுக் கட்சியிடம் 53தான். 'மானியத்தை நீட்டித்தால்தான் ஓட்டு' என்றது ஜனநாயகக் கட்சி. 'முதலில் கதவைத் திற, அப்புறம் பேசலாம்' என்றது ஆளும் கட்சி.

கோரிக்கை நியாயமானது என்பதே என் கட்சி. நோய் வந்தவன் பர்ஸைத் தடவிப் பார்த்துவிட்டு டாக்டரிடம் போகக் கூடாது. ஆனால் கோரிக்கை நல்லதாக இருந்தால் மட்டும், பூட்டை எத்தனை நாள் வேண்டுமானாலும் தொங்கவிடலாமா?

நான் பி.காம். படித்தவன். எதற்கும் பேரேட்டைத்தான் முதலில் திறப்பேன். சுமார் 14 லட்சம் அரசு ஊழியர்களுக்குச் சம்பளம் நின்றது. பாதிப் பேர் வீட்டில். மீதிப் பேர் சம்பளமில்லாமல் வேலையில். அவர்களுக்குப் பாக்கியைக் கொடுக்க 2019-ல் ஒரு சட்டம் இருக்கிறது, சரி. அதே கட்டடத்தில் கான்ட்ராக்டில் தரை துடைக்கிறவருக்கு அந்தச் சட்டம் இல்லை. நவம்பரில் ஏழைகளின் உணவு உதவி சிக்கியது. நம்ம ரேஷன் மாதிரி; கார்டில் பணம் ஏறும். அப்போது 4 கோடிக்கும் மேற்பட்டவர்கள் அதை நம்பிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அப்புறம் 40 பெரிய ஏர்போர்ட்களில் விமானங்களையே குறைத்தார்கள்.

மறுபக்கம், இரண்டு கோடிப் பேருக்கு வருஷா வருஷம் நிவாரணம். நாற்பது நாள் வலிக்கு இது லாபம்தானே?

லாபம்தான், வலியும் நிவாரணமும் ஒரே ஆள் கணக்கில் விழுந்தால். உணவு உதவி வாங்குகிறவர்களில் ஏகப்பட்ட பேருக்கு இந்த இன்ஷூரன்ஸ் சந்தையோடு சம்பந்தமே இல்லை. அவர்களுக்கு மெடிக்கெய்ட் என்று தனித் திட்டம். ஒருத்தர் கணக்கில் பற்று எழுதி இன்னொருத்தர் கணக்கில் வரவு வைத்தால் ஆடிட்டர் சும்மா விடுவாரா? 'அவரைக் கேட்டீங்களா?' என்பார்.

'அப்படிப் பார்த்தால் எந்தப் போராட்டமும் பண்ண முடியாதே சார், பஸ் ஸ்டிரைக்கில் பயணிக்குக் கஷ்டமில்லையா?' என்று கேட்பீர்கள். உண்டு. ஆனால் ஸ்டிரைக் செய்கிற டிரைவருக்கும் அன்றைக்குக் கூலி கிடையாது. உண்ணாவிரதம் இருப்பவர் காய்வது சொந்த வயிறு. செனட்டர்களுக்கோ கதவடைப்பிலும் சம்பளம் உண்டு. சிலர் 'எனக்கு இப்போதைக்கு வேண்டாம்' என்று நிறுத்தி வைத்தார்கள். வேண்டாம் என்று சொல்ல முடிகிறதே, அதுதான் அவர்களுக்கும் தரை துடைக்கிறவருக்கும் வித்தியாசம்.

முதல் சில வாரங்களை நான் குறை சொல்ல மாட்டேன். எதிர்க்கட்சிக்கு அங்கே வேறு பிடிமானம் இருக்கவில்லை. சோற்றுத் தட்டில் கை வைக்கப்பட்டபோதுதான் விஷயம் மாறியது. கை வைத்தது எதிர்க்கட்சி இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். உணவு உதவியைக் கொடுக்கச் சொல்லி நீதிபதிகள் உத்தரவு போட்ட பிறகும், சுப்ரீம் கோர்ட் வரை போய்த் தடை கேட்டது ட்ரம்ப் அரசுதான்.

ஒரு குழந்தைக்கு இரண்டு தாய்கள் சண்டை போட்ட கதை தெரியுமில்லையா? வெட்டிக் கொடு என்றதும் உண்மைத் தாய் விட்டுக் கொடுப்பாள். நீதிபதி அவளிடமே குழந்தையைக் கொடுப்பார். வாஷிங்டனில் அந்த நீதிபதி கிடையாது. விட்டவளுக்குக் குழந்தை போச்சு, அவ்வளவுதான். அதற்காக அவளும் 'வெட்டு' என்று சொல்ல வேண்டுமா?

நவம்பர் 9-ம் தேதி எதிர்க்கட்சி அணியிலிருந்து எட்டு பேர் விட்டுக் கொடுத்தார்கள். ஓட்டு 60-40. கிடைத்தது என்ன? உணவு உதவிக்கு 2026 செப்டம்பர் வரை நிதி. கதவடைப்பின்போது வேலையை விட்டுத் தூக்கப்பட்டவர்கள் மறுபடி உள்ளே. மானியத்துக்கு? 'டிசம்பரில் ஓட்டெடுப்பு நடத்துகிறோம்' என்ற வாக்குறுதி மட்டும். டிசம்பர் 11-ம் தேதி நடந்தது: 51-48. அறுபது வரவில்லை. வருஷக் கடைசியில் கூடுதல் மானியம் காலாவதி.

சொந்தக் கட்சிக்காரர்களே துரோகம் என்றார்கள். 'இன்னும் பத்து நாள் தாக்குப் பிடித்திருந்தால்...' என்கிறார்கள். நஷ்டத்தில் ஓடும் கடைக்காரர் 'இவ்வளவு போட்டாச்சு, இப்போ விட்டா எல்லாம் வேஸ்ட்' என்று இன்னொரு வட்டிக்கடனை வாங்குவார் பாருங்கள், அந்தக் குரல்தான் இதுவும். போன நாற்பது நாள் போனதுதான். நாற்பத்தோராவது நாள் எதிராளியை அசைக்குமா என்பது மட்டுமே கேள்வி. அசைந்ததற்கு ஓர் அடையாளத்தையும் நான் பார்க்கவில்லை. எதிராளிக்கு வலிக்காத இடத்தில் அடித்துக்கொண்டே இருப்பதற்கு என்ன பெயர்?

இன்னொன்று. 2013-ல் இதே ஒபாமா சட்டத்தை முடக்கச் சொல்லிக் குடியரசுக் கட்சிக்காரர்கள் 16 நாள் கதவடைத்தார்கள். அரசாங்கத்தைப் பிணை வைத்துப் பேரம் பேசாதே என்று அன்றைக்குச் சொன்னது ஜனநாயகக் கட்சி. 2025-ல் வசனத்தை அப்படியே மாற்றிக்கொண்டார்கள், இரண்டு பேருமே!

என்னைக் கேட்டால், அந்த எட்டு பேர் கதவைத் திறந்தது சரி. விலைதான் ரொம்ப மலிவு. பிரீமியம் கட்ட முடியாமல் பாலிசியை விட்டுவிட்ட ஒரு சர்க்கரை நோயாளியிடம் இதைச் சொல்லும் தைரியம் எனக்கு வராது. அவர் முகத்தைப் பார்த்து, 'உங்களுக்காக இன்னும் எத்தனை வீட்டில் அடுப்பு அணைந்திருக்கலாம்?' என்று கேட்கவும் எனக்கு வாய் வராது.

அந்தத் தரை துடைக்கிறவர்? நவம்பர் 12-ம் தேதி கையெழுத்தான சட்டத்தில் அரசு ஊழியர்களின் சம்பளப் பாக்கி இருந்தது. அவருடைய 43 நாள் கூலி அதில் இல்லை.