அவிழ்க்கும் கை

ஒலுவில் பள்ளிவாசலில் ஜும்ஆத் தொழுகைக்கு வருவோரின் வெண்ணிறப் பின்னல் தொப்பிகளை நோக்கும்போதெல்லாம், திருக்குர்ஆனின் 16ஆம் அத்தியாயம் 92ஆம் வசனத்தில், உறுதியாக நூற்ற நூலைத் தானே பிரித்துச் சிதைத்த பெண்ணை உவமையாக்கி, சத்தியத்தை முறிப்போரை இறைவன் எச்சரிப்பது என் நினைவுக்கு வருகின்றது. ஆனால் கொக்கியூசிப் பின்னலோ, கடைசிக் கண்ணியை இழுத்தால் முற்றும் அவிழ்ந்துவிடும் இயல்பினது; எண்ணிக்கை தவறிய வரிசையை அவிழ்த்துத்தான் திருத்தவேண்டும். அவ்வாறு அவிழ்ப்பவளும் அந்த உவமைக்குள் அடங்குவாளோ?

அடங்காள் என்பதே என் அபிப்பிராயம். இமாம் புகாரி தம் ஹதீஸ் தொகுப்பின் முகப்பில் நிய்யத்தைப் பற்றிய நபிமொழியை வைத்தது வீணன்று. வசனம் கண்டிப்பது வஞ்சகத்தை, இவள் செய்வதோ தௌபாவுக்கு நெருங்கிய காரியம்.

இனி, கொக்கியூசிப் பின்னலைப் பயில்பவள் அதன் கண்ணிகளின் பெயர்களுக்காக ஜெர்மன் பாஷையை நாடுவது ஆடம்பரமன்றோ எனச் சிலர் வினவலாம். ஆங்கிலத்தில் ஒரே பெயர் பிரிட்டனில் ஒரு கண்ணியையும் அமெரிக்காவில் வேறொன்றையும் குறிக்க, ஜெர்மானியர் சங்கிலிக் கண்ணியை 'லுஃப்ட்மாஷே' என்றும், குட்டைக் கண்ணியை 'ஃபெஸ்டே மாஷே' என்றும், நெடுங்கண்ணியை 'ஷ்டேப்ஷென்' என்றும் மயக்கமின்றி வழங்குவர். பாஷைகளின் வேறுபாட்டையே இறைவனின் அத்தாட்சிகளுள் ஒன்றாக 30ஆம் அத்தியாயம் 22ஆம் வசனம் கூறுகையில், அப்பதங்களைப் பயில்வது மார்க்கத்துக்குப் புறம்பான பொழுதுபோக்கு என்று எவ்வாறு சொல்வது? பெருமைக்காகப் பயில்பவளின் கணக்கு வேறு. அதை நான் எழுதப் புகவில்லை.