பியானோ முன்னால் உட்காரும் உரிமை

எங்கக்கா மகள் திருவொற்றியூரில் ஒரு சர்ச்சில் கீபோர்டு வாசிக்கிறவள். போன வருஷம் எங்கள் பகுதியில் கலை இரவு நடத்தினோம். "மாமா, எனக்குப் பத்து நிமிஷம் குடுங்க, பாஹ் வாசிக்கிறேன்" என்று வந்து நின்றாள். "அதெல்லாம் நமக்கு எதுக்கும்மா? பறை கத்துக்க, அதான் நம்மளுது" என்றேன். ஒன்றும் பேசாமல் போய்விட்டாள். சரியான அரசியல் பேசிவிட்டதாகத்தான் அன்றைக்கு நினைத்தேன்.

நினா சிமோனின் வாழ்க்கையைப் படித்தபிறகு அந்த நினைப்பு உறுத்துகிறது. 1933இல் அமெரிக்காவின் வட கரோலினாவில் கறுப்பினக் குடும்பத்தில் பிறந்தவர். இயற்பெயர் யூனிஸ் வேமன். பதினொன்று பன்னிரண்டு வயதில் சொந்த ஊரில் தனியாக பியானோக் கச்சேரி. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த அப்பா அம்மாவை, வெள்ளையர்கள் உட்காருவதற்காகப் பின்னால் அனுப்பினார்கள். அவர்களைத் திரும்ப முன்னால் உட்கார வைத்தால்தான் வாசிப்பேன் என்று சொல்லிவிட்டாள் அந்தச் சிறுமி. உட்கார வைத்தார்கள், வாசித்தாள். இதைப் பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார்.

இதுவரைக்கும் நமக்குப் பிடித்த கதை. அடுத்ததுதான் சங்கடம். 1951இல் பிலடெல்பியாவின் கர்ட்டிஸ் இசைப்பள்ளி அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. நிறம்தான் காரணம் என்று அவர் நம்பினார். பள்ளியைச் சார்ந்தவர்கள் மறுத்தார்கள். 1954இல் பிழைப்புக்காக மதுக்கூடத்தில் வாசிக்கப் போனார். பாடினால்தான் வேலை என்றார்கள், பாடினார். அம்மாவுக்குத் தெரியக்கூடாதென்று பெயரையும் மாற்றிக்கொண்டார். 1963இல் பர்மிங்ஹாம் தேவாலயத்தில் குண்டு வெடித்து நான்கு சிறுமிகள் செத்தபோது கோபத்தில் பாட்டு எழுதினார். உலகமே அவரைப் போராட்டப் பாடகியாகக் கொண்டாடியது. அவர் ஆசைப்பட்டதோ செவ்வியல் பியானோக் கலைஞராக. 2003இல் கர்ட்டிஸ் பள்ளி அவருக்குக் கௌரவப் பட்டம் கொடுத்தது. இரண்டே நாளில் இறந்துபோனார்.

அந்தப் போராட்டப் பாட்டுகள் நமக்குப் பெரிய கொடை. மறுக்கவில்லை. ஆனால் கதவைச் சாத்தியவன் செய்த அநியாயத்தில் விளைந்ததை 'நல்லதுக்குத்தான்' என்று சொல்ல நமக்கு உரிமை உண்டா? ஒடுக்கப்பட்டவர் கலைக்கு வந்தால் காயத்தைத்தான் காட்டவேண்டும் என்று ஆதிக்கம் எதிர்பார்க்கிறது. நாமும் அதையே எதிர்பார்த்தால் அதற்குப் பெயர் என்ன? 1968இல் சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை கற்றவர் பண்ணைப்புரத்து இளையராஜா. 2025 மார்ச் 8இல் லண்டனில் தன் சிம்பொனியை அரங்கேற்றினார். அதில் பறை எங்கே என்று தேடுவது என்ன நியாயம்?

பறையை இழிவின் அடையாளமாக்கியவர்களிடமிருந்து மீட்டது நம் இயக்கங்களின் சாதனை. அதிலும் ஒரு பாடம் இருக்கிறது. கட்டாயமாக அடித்தபோது அது அடிமைத்தொழில். விரும்பி அடிக்கும்போதுதான் விடுதலைக் கருவி. தோல் அதேதான், குச்சியும் அதேதான். மாறியது விருப்பம் ஒன்றே.

எங்கப்பா செங்கல்பட்டுப் பக்கத்து கிராமத்தில் சாவுக்கு மேளம் அடிக்கமாட்டேன் என்று ராயபுரத்துக்கு ஓடிவந்தவர். ஹார்பரில் மூட்டை தூக்கினார். பியானோ வந்த மரப்பெட்டியையும் தூக்கியிருக்கிறார். அவருக்குத் தெரிந்த பியானோ அதன் எடைதான். நான் பேத்தியிடம் சொன்னதைக் கேட்டுவிட்டு, "அடிக்கமாட்டேன்னு சொல்லத்தான்டா நான் ஊரவுட்டு வந்தேன். நீ இன்னாடா அவள அடிக்கச் சொல்ற? அவளுக்கு இன்னா வேணுமோ வாசிக்கட்டும்" என்றார்.

மேடையில் எது 'நம்மளுது' என்று தீர்மானிக்கிற வேலையை யார் கொடுத்தார்கள் நமக்கு? நாற்காலியை மறுப்பவனோடு சண்டை போடுவது நம் வேலை. நாற்காலியில் உட்கார்ந்தவள் என்ன வாசிக்கவேண்டும் என்பது அவள் வேலை. இந்த வருஷக் கலை இரவில் அவளுக்குப் பத்து நிமிஷம் கேட்டிருக்கிறேன். அக்காவும் அப்பாவும் முன்வரிசையில் உட்காருவார்கள். தோழர்கள் சிலர் முகம் சுளிக்கிறார்கள். போன வருஷம் நானும் அப்படித்தான் சுளித்தேன்.