சொத்தைக்கு இரண்டு தராசு

உங்கள் வீட்டு மொட்டைமாடியில் நாலு தொட்டி வைத்திருக்கிறீர்களா? அதில் ஒரு கத்திரிச் செடியாவது இருக்கிறதா? அப்படியென்றால் இந்த வாரம் உங்களோடுதான் பேச்சு.

மாடித்தோட்டம் இன்று அதிசயமில்லை. 2013-14ல் தமிழக அரசே சென்னையிலும் கோவையிலும் மானிய விலையில் பை, தென்னைநார்க் கழிவு, விதை எல்லாம் சேர்த்துக் கொடுக்க ஆரம்பித்தது. எதற்காகத் தோட்டம் போட்டீர்கள் என்று யாரைக் கேட்டாலும், “மருந்தடிக்காத காய் சாப்பிடணும் சார்” என்பார்கள். நல்ல ஆசைதான். யார் குறை சொல்ல முடியும்?

ஆனால், கத்திரிச் செடிக்கு ஒரு குணம் உண்டு. வளர்த்தவரைச் சோதிக்காமல் விடாது. தளதளவென்று நிற்கிற செடியில் ஒருநாள் காலையில் நுனிக்குருத்து மட்டும் தலை தொங்கிக் கிடக்கும். தண்டுக்குள் புழு புகுந்துவிட்டது என்று அர்த்தம். காய் விட்டதும் அடுத்த தலைமுறைப் புழு காய்க்குள் போகும். போன வழியைத் தன் கழிவாலேயே அடைத்துக்கொள்ளும். அதற்குப் பிறகு நீங்கள் வெளியே எதைத் தெளித்தாலும், உள்ளே அது நிம்மதியாகச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்.

அந்தக் காயை என்ன செய்வீர்கள்? தூக்கி எறிவீர்களா? மாட்டீர்கள். சொத்தையை மட்டும் நறுக்கிப் போட்டுவிட்டு, மிச்சத்தை எண்ணெய்க் கத்திரிக்காய் பண்ணுவீர்கள். விருந்தாளி வந்தால் பெருமை வேறு. “நம்ம வீட்டுக் காய். மருந்தே அடிக்கலை. புழுதான் சாட்சி!”

சரி. அதே நீங்கள் சாயங்காலம் மார்க்கெட்டுக்குப் போகிறீர்கள். கூடையில் கையை விட்டுத் துழாவுகிறீர்கள். “என்னம்மா, ஓட்டை ஓட்டையா இருக்கு? நல்லதாப் பார்த்துப் போடுங்க.”

மாடியில் இருந்தால் ஓட்டை நற்சான்றிதழ். கடையில் இருந்தால் அதே ஓட்டை குற்றம். ஒரே சொத்தைக்கு இரண்டு தராசு வைத்திருக்கிறோமே, இது நியாயமா?

“கடையில் காசு கொடுக்கிறேன் சார். காசுக்குத் தகுந்த சரக்கைக் கேட்பது தப்பா?” என்பீர்கள். தப்பில்லை. பி.காம். படித்தவன் நான். தரம் பார்த்து விலை கொடுப்பதுதான் வியாபாரம் என்பதை மறுக்க மாட்டேன். என் கேள்வி, எதைத் தரம் என்கிறோம் என்பதுதான். ஓட்டை கண்ணுக்குத் தெரிகிறது. மருந்து தெரிவதில்லை. கண்ணுக்குத் தெரிவதற்கு மட்டும் நாம் மார்க் போட்டால், விளைவிக்கிறவரும் அதற்குத்தானே பரீட்சை எழுதுவார்?

அவர் பக்கத்துக் கணக்கையும் கொஞ்சம் போட்டுப் பார்ப்போம். உங்களுக்குப் பத்துச் செடி. பல் தேய்த்துக்கொண்டே ஒரு சுற்று வந்து, வாடிய குருத்தைக் கிள்ளிப் போட்டுவிடலாம். அவர் இரண்டடிக்கு இரண்டடி நட்டால் ஒரு ஏக்கரில் 10,890 செடி. செடிக்குப் பத்து விநாடி பார்த்தாலே 30 மணி நேரம்! இனக்கவர்ச்சிப் பொறி, வேப்பங்கொட்டைச் சாறு என்று வேறு வழிகளும் உண்டு. அவற்றை நம்பி இறங்கினாலும் நாலு காய் சொத்தையாகத்தான் செய்யும். அந்த நாலு காய் தெரிந்தால் மூட்டைக்கே விலை இறங்கும். புழு காய்க்குள் போவதற்கு முன்பே அதைக் கொல்ல வேண்டும் என்று அவர் திரும்பத் திரும்ப மருந்தடிப்பதற்கு இந்தப் பயமும் ஒரு காரணம்.

அந்த மருந்து உங்கள் தட்டுக்கு வருவதற்கு முன்னால் அடிப்பவரின் மூக்குக்குப் போகிறது. 2017ல் மகாராஷ்டிராவின் யவத்மால் மாவட்டத்தில் மருந்தடிக்கும்போது விஷம் ஏறி 20 பேருக்கு மேல் இறந்துபோனார்கள். அது பருத்தி, கத்திரி இல்லை. ஆனால், முதுகில் தொங்குகிற டப்பா ஒன்றுதான்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பளபளப்பான காயெல்லாம் விஷம் என்று நான் சொல்லவில்லை. ஓட்டைக் காயெல்லாம் இயற்கை விவசாயத்தில் விளைந்தது என்றும் இல்லை. மருந்தடித்த செடியிலும் புழு வரும். அழுகலைக் காசு கொடுத்து வாங்குங்கள் என்றும் கேட்கவில்லை. வளைந்தது, தழும்பு விழுந்தது, நிறம் மங்கியது, இவற்றையெல்லாம் ‘நல்லதில்லை’ என்று ஒதுக்குகிற விரலைப் பற்றித்தான் பேசுகிறேன்.

மாடித்தோட்டம் போட்டவருக்கு இதில் கூடுதல் பொறுப்பு உண்டு என்று நினைக்கிறேன். தோட்டமே போடாதவருக்குப் புழுவின் கதை தெரியாது. உங்களுக்குத் தெரியும். தெரிந்த பிறகும், ‘என் வீட்டுக்கு மருந்தில்லாத காய் கிடைத்துவிட்டது, ஊர் எப்படிப் போனால் என்ன’ என்று இருந்தால், அந்தத் தோட்டம் நம்மை மட்டும் காப்பாற்றிக்கொள்கிற மதில் சுவராகிவிடும். அந்தச் சுவரும் முழுசாக நிற்காது. வெங்காயத்துக்கும் உருளைக்கிழங்குக்கும் நீங்கள் கடைக்குத்தானே போக வேண்டும்?

1999ல் மதுரையில் தொடங்கிய உழவர் சந்தை இப்போது பல ஊர்களில் இருக்கிறது. அடுத்த முறை போகும்போது கத்திரிக்காய் விற்கிறவரிடம், “எத்தனை தடவை மருந்தடிச்சீங்கண்ணே?” என்று கேட்டுப் பாருங்கள். குறைவாக அடித்தேன் என்று ஒருவர் சொன்னால், அவர் கூடையில் தழும்புக் காய் நாலு சேர்ந்து வந்தாலும் பேரம் பேசாமல் வாங்கி வாருங்கள். உங்கள் தொட்டிக் காய்க்குக் காட்டுகிற பொறுமையில் பாதி போதும்.