மறைவில் எழுதிய உடன்படிக்கை

நல்ல நோக்கம் ஒன்றை நேர்மையற்ற வழியில் அடையலாமா? ஆகாது என்று எளிதாகச் சொல்லிவிடுவோம். ஆயின் அந்த நோக்கம் நம் விசுவாசத்தைச் சார்ந்ததாக இருக்கும்போது நம் நா சற்றே தடுமாறுகிறது. 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் வரலாறு இத்தடுமாற்றத்தை நமக்குக் கண்ணாடிபோல் காட்டுகிறது.

1670ஆம் ஆண்டு இங்கிலாந்து மன்னர் இரண்டாம் சார்லசுக்கும் பிரான்சு மன்னர் பதினான்காம் லூயிக்கும் இடையே டோவர் நகரில் இரகசிய உடன்படிக்கை ஒன்று கையெழுத்தாயிற்று. சார்லசின் தங்கையும் லூயியின் தம்பி மனைவியுமான ஹென்றியெட்டா இதற்குத் தூது நின்றார். தக்க காலத்தில் தம்மைக் கத்தோலிக்கராக அறிவிப்பதாகச் சார்லஸ் வாக்களித்தார். அதற்குக் கைம்மாறாக 20 இலட்சம் லிவர் பணமும், குடிகள் கிளர்ந்தெழுந்தால் அடக்குவதற்கு 6000 வீரரும் தருவதாக லூயி ஒப்பினார். டச்சு நாட்டின்மீது இருவரும் சேர்ந்து போர் தொடுப்பதும் உடன்பாட்டில் அடங்கும். அமைச்சர் பலருக்கு இது தெரியாது. அவர்கள் கண்ணுக்கென, சமயப் பகுதியை நீக்கிய போலி உடன்படிக்கை ஒன்று அவ்வாண்டு டிசம்பரில் எழுதப்பட்டது.

1672இல் சார்லஸ், சமயத் தண்டனைச் சட்டங்களை நிறுத்திவைத்து ஆணை பிறப்பித்தார். கத்தோலிக்கர் தம் இல்லங்களில் வழிபடலாம் என்றாயிற்று. நம் உள்ளம் இதில் மகிழ்வது இயல்பே. ஆனால் நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தை மன்னர் தனித்து நிறுத்த இயலாது என்று மக்களவை மறுத்தது. 1673இல் ஆணை திரும்பப் பெறப்பட்டது. அவ்வாண்டே, நற்கருணை பற்றிய நம் கோட்பாட்டை மறுத்துரைப்பவர்க்கே அரசுப் பதவி என்ற சட்டமும் வந்தது.

இங்கேதான் சிக்கல் எழுகிறது. மன்னர் தந்தது நியாயமானது. தந்த முறை நியாயமற்றது. நாடாளுமன்றம் காத்த நெறி சரியானது. அந்நெறியால் அது இயற்றிய சட்டமோ கொடியது. இவற்றுள் நாம் எதன் பக்கம் நிற்பது?

விலை கொடுத்தவர் யாரெனப் பார்ப்போம். அரண்மனையைப் பற்றி ஐயம் மண்டிக் கிடந்த நாட்டில், 1678இல் டைட்டஸ் ஓட்ஸ் என்பவன், கத்தோலிக்கர் மன்னரைக் கொல்லச் சதி செய்கின்றனர் என்று புனைந்துரைத்த பொய் எளிதில் விலைபோயிற்று. அர்மா பேராயர் ஆலிவர் பிளங்கெட் 1681இல் தூக்கிலிடப்பட்டார். உடன்படிக்கையில் எப்பங்கும் இல்லாத அவர், 1975இல் புனிதராக உயர்த்தப்பட்டார். சார்லசோ தம் வாக்குறுதியை உலகறிய நிறைவேற்றாமல், 1685இல் மரணப் படுக்கையில்தான் திருச்சபையில் சேர்ந்தார்.

அவர் தம்பி இரண்டாம் ஜேம்ஸ் வெளிப்படையான கத்தோலிக்கர். அவரும் 1687இல் ஆணை வழியே விடுதலை வழங்க முயன்று, மறு ஆண்டே அரியணை இழந்தார். சட்டங்களை நிறுத்திவைக்கும் மன்னரின் அதிகாரத்தை 1689ஆம் ஆண்டு உரிமைச் சட்டம் பறித்தது. கத்தோலிக்கர் எவரும் முடிசூடலாகாது என்றும் விதித்தது. அவ்விலக்கு இன்றும் நீங்கவில்லை. கத்தோலிக்கர் நாடாளுமன்றத்தில் அமரச் சட்டமே வழிவிட்டது 1829இல்தான்.

"அதுவரை துன்புற்றோர் பொறுத்திருக்க வேண்டுமா?" என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே. துன்புற்றவன் தன் உரிமையைக் கேட்பதை எவரும் குறைகூற முடியாது. ஆனால் சார்லஸ் அவர்களுக்காக வாதாடவில்லை. அவர்கள் பெயரால் அயல்நாட்டுப் பணத்துக்கும் படைக்கும் பேரம் பேசினார். அயலாரின் மனச்சான்றை வெல்ல முயலாது, அவர்கள் அறியாமல் பெறும் உரிமை, கொடுத்தவர் நிலைக்கும்வரை மட்டுமே நிலைக்கும்.

டோவர் உடன்படிக்கையின் வாசகத்தை 19ஆம் நூற்றாண்டில் அச்சிட்டு வெளியிட்டவர் ஜான் லிங்கார்டு என்ற கத்தோலிக்கக் குரு. நம்மவர் தவற்றையும் மறைக்காமல் எழுதுவதே திருச்சபைக்குச் செய்யும் தொண்டு என அவர் கருதியிருக்க வேண்டும். நன்மை விளையத் தீமை செய்யலாகாது என்ற படிப்பினையை, நம் பக்கத்து மனிதருக்கும் பொருத்திப் பார்க்கும் துணிவை நாமும் இறைவனிடம் வேண்டுவோம்.