அட்சய திருதியையும் பொற்காசும்



அட்சய திருதியை நாளன்று தேனியிலும் கம்பத்திலும் போடியிலும் நகைக்கடைகள் விடியுமுன்பே திறந்துவிடுகின்றன. ஒரு கிராம் காசேனும் வாங்கிவிட வேண்டுமென்று மக்கள் வரிசையில் காத்து நிற்கின்றனர். நம்மவர் இல்லங்களிலிருந்தும் செல்கின்றனர். நானும் அவ்வரிசையில் நின்றவளே. ஆதலால் பிறரைக் குறைகூறும் எண்ணத்துடன் இதனை எழுதவில்லை.

அந்நாளின் வரலாற்றைச் சிறிது நினைவுகூர்வோம். ஆதிபகவனாகிய விருஷபதேவர் துறவு பூண்டு, ஆறு திங்கள் உண்ணாநோன்பில் நின்றார். பின்னர் ஆகாரத்தின் பொருட்டு ஊர்தோறும் எழுந்தருளினார். துறவியர்க்கு உணவளிக்கும் முறையை அக்காலத்து மக்கள் அறியார். பொன்னும் மணியும் யானையும் குதிரையும் கொணர்ந்து திருமுன் வைத்தனர். பகவான் அவற்றை ஏறிட்டும் பாராது நடந்தார். ஓராண்டு கழிந்த பின்னர், அத்தினாபுரத்தில் சிரேயாம்ச குமாரன் முற்பிறப்புணர்வு பெற்று, கருப்பஞ்சாற்றை அவர் திருக்கைகளில் வார்த்தான். அதுவே அட்சய திருதியை. பொன்னைக் கொடுத்தபோதும் பகவான் கொள்ளாத அந்த நாளில்தான் நாம் பொன் வாங்க ஓடுகின்றோம்! கரும்பு விளையும் கம்பம் பள்ளத்தாக்கில் இருந்துகொண்டு நானும் இதனைப் பல்லாண்டுகள் எண்ணிப் பார்த்ததில்லை.

நான் பணி ஓய்வு பெற்ற ஆண்டு முதல், திருதியைதோறும் நான்கு கிராம் காசு ஒன்று வாங்கி வந்தேன். நகையென்றால் செய்கூலி, சேதாரம் என்று போய்விடும். காசில் அவை குறைவு. மேலும் எங்கள் தலைமுறையினர் 1968ஆம் ஆண்டின் தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டத்தைக் கண்டவர்கள். அச்சட்டம் 1990இல் நீங்கியது. பிறகு வங்கிகளிலேயே முத்திரையிட்ட காசு கிடைத்தது. 2015இல் அரசே அசோகச் சக்கரமும் காந்தியடிகள் உருவமும் பொறித்த காசை வெளியிட்டது. இதற்குமேல் நம்பிக்கைக்கு என்ன வேண்டும் என்று எண்ணினேன். என் பாட்டியார் வைத்திருந்த விக்டோரியா ராணித்தலை வெள்ளி ரூபாய்கள் சிலவும் அதே பெட்டியில் இருந்தன. பாட்டியார் அவற்றைத் தராசில் எடைக்கல்லாகவும் வைப்பார். ஒரு ரூபாய் ஒரு தோலா அல்லவா! என் காசுகளோ எதற்கும் பயன்படவில்லை. இரவில் கதவைத் தாழிட்டுவிட்டு எண்ணிப் பார்ப்பேன். அவ்வளவே.

2018 ஆகஸ்டில் இடுக்கி மலையில் பெருமழையும் நிலச்சரிவும் ஏற்பட்டன. நம் பள்ளத்தாக்கிலிருந்து நாள்தோறும் ஜீப்பில் ஏலத்தோட்ட வேலைக்குச் செல்லும் பெண்கள் வேலையின்றி வீட்டில் இருந்தனர். அவர்களுள் ஒருவர் என் பழைய மாணவி. தம் மகளை நர்சிங் படிப்பில் சேர்க்கப் பணம் குறைகிறதென்று என்னிடம் வந்து நின்றார். "தை பொறந்ததும் குடுத்துர்றேன் டீச்சரம்மா" என்றார். "கையில் பணமில்லையே அம்மா" என்றேன். அது பொய்யன்று, கையில் பணமில்லைதான், பெட்டியில் பதினொரு காசு இருந்தது. அவர் ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். அந்தப் பெண் அவ்வாண்டு படிப்பில் சேரவில்லை.

ஐந்து அணுவிரதங்களைக் குழந்தைகளுக்கு மனப்பாடம் செய்வித்தவள் நான். மிகுபொருள் விரும்பாமையை மீறியவள், அதனைக் காக்க வாய்மையையும் விட்டேன். முன்னது இரண்டு மூன்று ஆண்டுகளாகவே கெட்டிருக்க வேண்டும். எனக்குத்தான் தெரியவில்லை.

சமந்தபத்திராசாரியார் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் இவ்விரதத்திற்கு இன்னொரு பெயரும் தந்திருக்கிறார்: இச்சையின் அளவு. பொருளை மட்டும் எண்ணி வரையறுத்தால் போதாது. அதற்குமேல் விருப்பம் எழாதிருத்தலே விரதம். அதன் குற்றங்களில் மிகையாகச் சேர்த்தலையும், பிறர் செல்வத்தைக் கண்டு வியந்து மனம் புழுங்குதலையும் சேர்த்துள்ளார். 2019 ஆகஸ்டில் ஏலக்காய் கிலோ 7,000 ரூபாய்வரை ஏலம் போயிற்று. அதற்குச் சில வாரங்கள் முன்னரே குறைந்த விலைக்கு விற்றுவிட்ட என் அண்டை வீட்டார், நல்ல இலாபம் பெற்றிருந்தும் உறக்கமின்றித் தவித்தார். இதனை ஆசாரியார் எத்தனை நூற்றாண்டுகளுக்கு முன்னரே கண்டிருக்கிறார்!

உத்தமபாளையத்தில் கருப்பணசாமி பாறை என்று ஊரார் அழைக்கும் திருக்குணகிரிக்கு அவ்வாண்டு இறுதியில் சென்றேன். பாறையில் தீர்த்தங்கரர் திருவுருவங்கள் வரிசையாக உள்ளன. அச்சணந்தி, அரிட்டநேமி ஆகிய பெயர்கள் வட்டெழுத்தில் காணப்படுகின்றன. திருக்குணகிரித் தேவர்க்குத் திருவிளக்கு எரிக்கக் காசு வழங்கிய பாண்டியர் காலச் செய்தியும் அங்குக் கல்லில் உண்டு. அக்கால வழக்கப்படி, வழங்கிய காசு முதலாக நிற்கும். அதன் பொலிசையால் எண்ணெய் வாங்குவர். யாரோ ஒருவர் கையைவிட்டு நீங்கிய காசு, அவர் மறைந்த பின்னும் நெடுங்காலம் ஒளி தந்திருக்கும். என் காசு நெகிழி உறைக்குள் கிடந்தது.

வீடு திரும்பியதும் ஓர் ஏட்டில் அளவு எழுதினேன். பேத்தியர் இருவர் திருமணத்திற்கென நான்கு காசு, என் மருத்துவத்திற்கென இரண்டு. மீதமுள்ள ஐந்தையும் விற்கச் சென்றேன். வாங்கிய வங்கி திரும்பக் கொள்ளாது என்பது அப்போதுதான் தெரிந்தது. நகைக்கடையில் உரைத்துப் பார்த்துச் சற்றுக் குறைத்தே கொடுத்தார்கள்.

அந்தப் பெண் மறு ஆண்டு சேர்ந்து, படித்து முடித்து, இப்போது மதுரையில் பணியில் இருக்கிறாள். அவள் தாயார் பணத்தை இனாமாகப் பெற இசையவில்லை. மாதம் ஐந்நூறாகத் திருப்பித் தந்தார். நானும் மறுக்கவில்லை, அது அவருடைய மானம். அத்தொகையைப் பெட்டியில் வைக்காமல், கூடலூரில் மற்றொரு மாணவிக்குக் கொடுத்திருக்கிறேன். அவள் ஆசிரியப் பயிற்சி முதலாண்டு படிக்கிறாள்.