நிறம் இனமாகுமா?

கிள்ளான் பள்ளத்தாக்கின் அலங்கார மீன் கடைகளில் அரோவானா தொட்டிக்குத் தனி மரியாதை உண்டு. மலாயில் அதற்குக் கெலிசா என்று பெயர். சீனர்கள் டிராகன் மீன் என்பார்கள். வீட்டுக்கு யோகம் கொண்டுவரும் என்று நம்பி வாங்குவோரும் உண்டு. விலைப் பேச்சு நிறத்தில்தான் தொடங்கும்: பொன்முதுகா, செவ்வால் பொன்னா, சிவப்பா, பச்சையா? பச்சைக்கும் பொன்முதுகுக்கும் விலை எட்டாத தூரம். ஆனால் சான்றிதழில் இவை அனைத்துக்கும் ஒரே அறிவியல் பெயர்: ஸ்க்ளெரோபேஜஸ் ஃபார்மோசஸ்.

அழியும் ஆபத்திலுள்ள இந்த மீன் 1975 முதல் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது. இயற்கை நீர்நிலையில் பிடித்ததை வணிகத்துக்காக நாடு விட்டு நாடு விற்க முடியாது. பதிவு பெற்ற பண்ணையில் பிறந்து, உடலில் மைக்ரோசிப் ஏறிய மீனே சந்தைக்குப் போகலாம். இன்னாருடைய குஞ்சு என்பதே அங்கே முக்கியம். நிறம் வணிகத்தின் கவலை.

2003இல் புய்யோ, சுதார்த்தோ, டியூகல்ஸ் என்ற மூவர், நிறவகைகள் தனித்தனி இனங்களே என்று எழுதி, மூன்று புதிய அறிவியல் பெயர்களும் சூட்டினார்கள். இரண்டே ஆண்டில் கொட்டெலாவும் விஜனார்த்தியும் அதை மறுத்தார்கள்.

இந்த வழக்கு நமக்குப் புதிதல்ல. பிரிக்ஃபீல்ட்ஸ் ஸ்காட் சாலையில் கந்தசுவாமி கோவிலை எழுப்பிய யாழ்ப்பாணச் சைவர்களின் அறிவு மரபில் தருக்கசங்கிரகத்துக்கு இடமுண்டு. அன்னம்பட்டரின் அந்த வடமொழி நூலைத் தமிழாக்கியவர் சிவஞான முனிவர். அச்சேற்றியவர் ஆறுமுக நாவலர். அதில் நிறம் ஒரு குணம். பொருளைப் பற்றி நிற்பது, பொருளாகாது. வெண்மை, நீலம், மஞ்சள், செம்மை, பசுமை, கபிலம் என ஆறைச் சொல்லி, ஏழாவதாகச் சித்திரத்தையும், அதாவது பல நிறம் கலந்ததையும், தனி நிறமாகவே வைக்கிறது. நிறம் பொருள் முழுதும் பரவி நிற்பது என்று கொண்டவர்கள், பல வண்ணத் துணிக்கு ஒரு நிறம் சொல்ல வேண்டியிருந்தது. செவுளில் சிவப்பும் முதுகில் பச்சையும் வயிற்றில் பொன்னுமாக நிற்கும் அரோவானாவின் முன் எந்தப் பதிவாளருக்கும் இதே சிக்கல்தான்.

இனப் பொதுமைக்கு நியாய அறிஞர் உதயனர் வைத்த தடைகளுள் சங்கரம் ஒன்று. இரு தன்மைகள் ஒன்றையொன்று விட்டும் நிற்கும், சில இடங்களில் சேர்ந்தும் நிற்கும் என்றால் அவை இரண்டும் இனமாக மாட்டா. சிவப்பையும் பொன்முதுகையும் பண்ணைக்காரர் கலந்து குஞ்சு எடுக்கும் நாளில், நிறங்கள் இந்தத் தேர்வில் தோற்கின்றன. மேலும், பொன்முதுகின் ஒளி வயிற்றிலிருந்து மெல்ல மேலேறி முதுகைக் கடக்கப் பல ஆண்டுகள் ஆகும். அதுவரை அந்த மீன் வேறு இனமாகவா இருந்தது?

ஆகவே நிறம் வெறும் மேற்பூச்சு என்று தள்ளிவிடலாமா? கூடாது. பேராக்கின் புக்கிட் மேரா ஏரிப் பொன்முதுகும் மேற்குக் கலிமந்தான் கப்புவாஸ் ஆற்றின் சிவப்பும் நெடுங்காலம் பிரிந்து வாழ்ந்த வழிகள். அந்த நிறங்களில் ஒரு நீர்நிலையின் வரலாறு இருக்கிறது. முட்டையையும் குஞ்சையும் வாயில் அடைகாக்கும் ஆண் மீன், அந்த வழியைத் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்தது. பொன்முதுகு என்ற பெயர் மட்டும் சந்தையில் நிலைத்து, ஏரியின் வழி கலப்பில் கரைந்தால் அது பெரும் இழப்பு. விலைப்பட்டியலில் அது தெரியவே தெரியாது.

எனவே பண்ணைப் பதிவேட்டில் நிறப்பெயருக்கு முன்னால் தாய் தந்தையின் சிப் எண்ணும், அவை எந்த ஆற்றின் அல்லது ஏரியின் வழி வந்தவை என்பதும் வரவேண்டும். கலப்பில் பிறந்ததைக் கலப்பு என்றே எழுத வேண்டும். புக்கிட் மேராவில் மறுபடி மீன் விட நினைக்கும் அதிகாரிக்கு, எந்தத் தொட்டிக் குஞ்சைக் கொண்டுபோகலாம் என்பதை அந்த ஒரு வரிதான் சொல்லும்.