வராதவன் பெயர்

சிலம்பக் கூடத்தில் வருகைப் பதிவேடு எதற்கு என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். ஹாஜர் எடுக்க அது என்ன பள்ளிக்கூடமா என்பது அவர்கள் கட்சி. வித்தை வேண்டியவன் ஆசான் வீட்டு வாசலில் காத்துக் கிடக்க வேண்டும். ஆசான் அவனைத் தேடிக்கொண்டு போகலாகாதாம். கேட்பதற்குக் கம்பீரமாகத்தான் இருக்கிறது.

ஆனால் அந்தக் காலத்து ஆசானிடம் பதிவேடு இல்லையா, என்ன? பத்துப் பேருக்குக் கற்றுக் கொடுத்தவருக்குக் கண்ணே பதிவேடு. வரிசையில் ஓர் இடம் காலியானால், மறுநாள் சந்தையிலே பையனின் தகப்பனாரைப் பிடித்து விசாரித்துவிடலாம். பட்டணத்தில் நூறு பிள்ளைகள் வந்துபோகும் கூடத்தில் கண் போதாது.

ஜப்பானியர் இதில் கூச்சப்படவில்லை. கானோ ஜிகோரோ 1882இல் தோக்கியோவில், ஒரு புத்தர் கோயிலில் பன்னிரண்டு பாய் விரித்து ஜூடோப் பள்ளியைத் தொடங்கினார். அங்கே கடுங்குளிர் காலத்தில் விடியுமுன் வந்து தொடர்ந்து பயிலும் 'கான்கெய்கோ' என்றொரு வழக்கம் உண்டு. ஒரு நாளும் தவறாதவனுக்குச் சான்றிதழ் தருகிறார்கள். ஜெயித்ததற்கல்ல, வந்ததற்கு!

பையன்கள் ஏன் நின்றுவிடுகிறார்கள்? கம்பைச் சுழற்றும் ஆசையோடு வருகிறவனுக்கு முதலில் கிடைப்பது காலடிப் பாடம். அலுப்புத் தட்டுகிறது. காய்ச்சலென்று இரண்டு நாள் வராமலிருக்கிறான். பிறகு, "இத்தனை நாள் எங்கே போனாய்?" என்று எல்லோர் முன்னாலும் கேட்பாரே என்ற வெட்கம். வித்தை கசந்து போனவர்களைவிட இந்த வெட்கத்தால் நின்றவர்களே அதிகம் என்பது என் அபிப்பிராயம். மூன்றாம் நாளே ஆசான் விசாரித்திருந்தால் அந்த வெட்கம் முளைத்திருக்காது.

சம்பளம் போய்விடுமே என்றுதானே தேடுகிறார் என்பீர்கள். இருக்கட்டுமே, அவருக்கும் அரிசி வாங்க வேண்டும். சம்பளம் கொடுக்க முடியாமல் இலவசமாகப் பயிலும் பையன் ஒரு வாரம் வராவிட்டாலும் அவர் விசாரிக்கிறாரா என்று பாருங்கள். பாக்கி வைத்தவனை மட்டும் தேடுகிறவர் வைத்திருப்பது வருகைப் பதிவேடல்ல, வசூல் ஜாபிதா. நாள் கணக்கை மட்டும் பார்த்துப் பட்டையும் பட்டயமும் வழங்குகிறவரும் அந்த ஜாதிதான்.

இன்னொன்று: அந்த ஏடு பிள்ளைகளை மட்டுமா காட்டிக் கொடுக்கிறது? வியாழக்கிழமை வகுப்பிலிருந்து மட்டும் நான்கு பேர் நின்றிருந்தால், அன்றைக்குக் கற்றுக் கொடுக்கும் உதவியாளரின் கை கொஞ்சம் நீளமோ என்று பார்க்க வேண்டியிருக்கும். பல கூடங்களில் ஏடு மூடியே கிடப்பதற்கு இதுவும் ஒரு காரணமோ, என்னவோ!

கார்த்திகை, மார்கழியில் சீக்கிரமே இருட்டிவிடுகிறது. மாலை வகுப்பில் பெண்குழந்தைகளின் பெயருக்கு நேரே கட்டங்கள் காலியாகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். "இந்தக் காலத்துப் பெண்களுக்குச் சிரத்தை இல்லை" என்று பெருமூச்சு விடலாம். வகுப்பை ஒரு மணி நேரம் முன்னால் வைத்தும் பார்க்கலாம்.